நாடி பார்த்துச் சிறுநீரகக் கல்லைச் சொல்ல முடியுமா?

கேள்வி: தெஹிவளை வாசகர், 2024 பெப்ரவரி 4

அப்பாவுக்கு 61 வயது. இடது சிறுநீரகத்தில் 23 மில்லிமீற்றர் கல். முதுகுப் பக்கம் சிறு துளை போட்டு எடுக்க வேண்டும் என்று டொக்டர் திகதி தந்துவிட்டார். இதற்கிடையில் சித்தப்பா ஒரு செய்தி கொண்டுவந்தார். கொழும்பிலேயே ஓரிடத்தில் மணிக்கட்டில் சென்சர் கட்டி, நாடியைக் கணினியில் பதிந்து, கல் இருக்கிறதா, எவ்வளவு பெரிது என்று அச்சடித்துத் தருகிறார்களாம். நாடி அலையை ஆராய்ந்து நோய் கண்டுபிடிக்கலாம் என்று வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரைகளே வந்துவிட்டதாம். ஒப்பரேஷனைத் தள்ளிப்போட்டு, அங்கே ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுப்போம் என்கிறார். அம்மாவும் அந்தப் பக்கம் சாய்கிறார். இதில் ஏதாவது உண்மை இருக்கிறதா?

பெப்ரவரி 4, இரவு

திகதியைத் தள்ளிப்போட வேண்டாம். மற்றதை அப்புறம் கதைப்போம்.

20 மில்லிமீற்றரைத் தாண்டிய கல் தானாக விழாது. இருக்க இருக்கக் கிருமி குடியேறும், சிறுநீரகம் வேலையைக் குறைத்துக்கொண்டே போகும், அதுவும் பல நேரம் வலியே இல்லாமல். கல் எங்கே, எவ்வளவு பெரிது, எவ்வளவு கடினம் என்று சிடி ஸ்கான் சொல்லியாயிற்று. அதற்கு மேல் நாடியிடம் கேட்க ஒன்றும் இல்லை.

நான் டொக்டர் இல்லை. ஒப்பரேஷன் தியேட்டர்களிலும் வாட்டுகளிலும் இருக்கும் மொனிட்டர்களைப் பழுதுபார்த்து, அளவு சரிபார்ப்பது என் வேலை. நாடி அலை திரையில் எப்படி வருகிறது, எங்கே பொய் சொல்கிறது என்பது கொஞ்சம் தெரியும். அந்த அளவில்தான் எழுதுகிறேன்.

பெப்ரவரி 5

நேற்று அவசரமாக எழுதியதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

இதயம் ஒருமுறை சுருங்கியதும் நாடிக்குழாய்களில் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. இரத்தம் ஓடுவதைவிடப் பல மடங்கு வேகமாக அந்த அலை ஓடும். மணிக்கட்டில் விரலுக்குத் தட்டுப்படுவது அதுதான். அதன் வடிவத்தில் இதயத்தின் வேகம், ஒழுங்கு, குழாய்ச் சுவர் எவ்வளவு விறைத்திருக்கிறது, உடம்பில் நீர் போதுமா, கைகால் குழாய்கள் சுருங்கியிருக்கின்றனவா என்பதெல்லாம் கலந்து கிடக்கும். இவ்வளவும் உண்மை. ஆனால் கல் இருப்பது இரத்தம் ஓடும் பக்கத்தில் இல்லை, சலம் வடியும் பக்கத்தில். வீட்டுத் தண்ணீர் மோட்டர் ஓடும் சத்தத்தைக் கேட்டு, குசினிச் சிங்க்கின் கழிவுக் குழாயில் என்ன அடைத்திருக்கிறது, அது எத்தனை மில்லிமீற்றர் என்று சொல்ல முடியாது.

கல் இறங்கி வந்து சிறுநீர்க் குழாயை அடைத்து வலி உயிர் போகும்போது நாடி மாறும். துடிப்பு கூடும், விரல் நுனி குளிரும், அலை சிறுக்கும். பித்தப்பைக் கல்லுக்கும் உடைந்த காலுக்கும் அப்படித்தான் மாறும். நாடிக்கு வலி தெரியும், வலியின் முகவரி தெரியாது.

பெப்ரவரி 5, கொஞ்சம் கழித்து

"பரம்பரை வைத்தியத்தைக் கேவலப்படுத்துகிறீர்கள்" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு வார்த்தையும் நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். எங்கள் அம்மம்மாவின் ஊர்ப் பரியாரியார் என் சின்ன வயதில் நான் மிகவும் மதித்த மனிதர். சுட்டுவிரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிரவிரலில் கபம் என்று மூன்று விரலையும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் கல்லடைப்பு என்று சொல்வதற்கு முன் அவர் கேட்கும் கேள்விகள் எத்தனை! வலி எங்கே தொடங்கி எங்கே இறங்குகிறது, சலம் எந்த நிறம், விட்டு விட்டுப் போகிறதா, எரிகிறதா, முன்பு வந்ததா, தகப்பனுக்கு இருந்ததா. சித்த வைத்தியத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்று சிறுநீரைத் தனியாகப் பார்க்கும் முறையே இருக்கிறது. நாடி ஒன்றே போதும் என்றால் அவையெல்லாம் எதற்கு? சென்சரைக் கட்டி ஒரு வார்த்தையும் கேட்காமல் தாளை நீட்டுவது அந்த மரபுக்கும் சேர்ந்தது இல்லை.

பெப்ரவரி 7

ஆய்வுக் கட்டுரைகள் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரி, விரிவாகவே.

நாடியைக் கருவியில் பதிவது புதிய விஷயம் இல்லை. பிரான்ஸின் எத்தியென் ஜூல் மரே 1860 இல் மணிக்கட்டில் கட்டும் நெம்புகோல் கருவியால் நாடி அலையைப் புகைக்கரி பூசிய தாளில் கீறிக் காட்டினார். நம் பக்கத்தில் புனேயில் "நாடி தரங்கிணி" என்ற கருவியை 2007 இல் அறிமுகப்படுத்தினார்கள். மூன்று விரல் வைக்கும் இடத்தில் மூன்று அழுத்த சென்சர்கள். பதிவு நன்றாகவே வருகிறது. வயதோடு அலை எப்படி மாறுகிறது என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். அலையைப் பதிய முடியும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அந்த அலையிலிருந்து என்ன சொல்லலாம் என்பதுதான் கேள்வி.

இங்கே இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது வயது. கல் உள்ளவர்களில் பலர் நடுவயது தாண்டியவர்கள், பிரஷரும் சீனி வருத்தமும் உள்ளவர்கள். இந்த மூன்றும் நாடிக்குழாயை விறைக்க வைக்கும். கல்சியக் கல் அடிக்கடி வருகிறவர்களின் குழாய்கள் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் விறைப்பு என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. எனவே 55 வயதுக் கல் நோயாளிகளையும் 25 வயது மாணவர்களையும் எடுத்து ஒரு கணினிக்குக் கற்றுக்கொடுத்தால் அது அபாரமாகப் பிரித்துக் காட்டும். பிரித்தது கல்லை வைத்தா, வயதை வைத்தா?

இரண்டாவது, பதிவை வெட்டும் விதம். ஒருவரின் நாடியைப் பத்து நிமிடம் பதிந்தால் நூற்றுக்கணக்கான துடிப்பு கிடைக்கும். அவற்றைத் துண்டு துண்டாக்கி, பாதியைக் கற்பிக்கவும் பாதியைச் சோதிக்கவும் வைத்தால், கணினி அந்த மனிதரையே அடையாளம் கண்டுகொள்கிறது. நோயைக் கற்கவில்லை, ஆளைக் கற்கிறது. புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்ததும் தடுமாறும். ஆகவே "தொண்ணூற்றைந்து வீதம் சரி" என்று எதிலாவது கண்டால், சோதனைக்கு வந்தவர்கள் கற்பிக்கும்போது இல்லாத புது ஆட்களா என்று முதலில் பாருங்கள். அந்த ஒரு வரி கட்டுரையில் இல்லையென்றால் நான் அடுத்த பக்கம் திருப்புவதில்லை.

பெப்ரவரி 8

நாடிக்கும் கல்லுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்வதாக ஒரு தங்கை எடுத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் இரண்டும் ஒரே மேசையில் சந்தித்த கதை ஒன்று இருக்கிறது.

1980 பெப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக்கில் கிறிஸ்டியன் சௌசியும் அவருடன் இருந்தவர்களும், கத்தி படாமல் வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பி முதன்முறையாக ஒரு நோயாளியின் சிறுநீரகக் கல்லை உடைத்தார்கள். கருவி செய்தது டோனியர் என்ற விமான நிறுவனம். வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதும்போது உலோகத்துக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்தவர்கள் அவர்கள். நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, கல்லைக் குறிவைத்து அலையை அனுப்பினார்கள். அந்த அதிர்வு இதயத்தின் துடிப்பைக் குழப்பிவிடக்கூடும் என்ற பயம் இருந்தது. அதனால் ஈசிஜி அலையின் கூர் முனை வந்த உடனே, இதயத் தசை அடுத்த தூண்டலை ஏற்காத அந்தக் கணத்தில், ஓர் அதிர்வு. அடுத்த துடிப்புக்கு அடுத்த அதிர்வு. நோயாளிக்கு நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் கல்லில் விழுவதும் 70 அடி. இதயம்தான் வேலைக்கு வேகம் வைத்தது.

பிறகு வந்த கருவிகளில் அந்தக் கட்டுப்பாட்டைப் பெரும்பாலும் தளர்த்திவிட்டார்கள். நிமிடத்துக்கு 120 வரை அடித்தார்கள். கடைசியில் ஒப்பிட்டுப் பார்த்தபோது நிமிடத்துக்கு 60 என்று மெதுவாக அடித்தால்தான் கல் நன்றாக உடைகிறது என்று தெரிந்தது. கிட்டத்தட்ட இதயத்தின் வேகத்துக்கே திரும்பி வந்தார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த கதை இது.

(தெஹிவளைத் தம்பிக்கு: 23 மில்லிமீற்றருக்கு அதிர்வலை பொதுவாகச் சரிவராது. உடைந்த துண்டெல்லாம் குழாயில் வரிசையாக அடைத்துக்கொள்ளும். டொக்டர் துளை வழியைச் சொன்னது அதனால்தான் இருக்கும். 1976 இல் சுவீடனில் பெர்ன்ஸ்ட்ரோமும் ஜொஹான்சனும் எழுதிய முறை அது. இன்றைக்குப் பெரிய கல்லுக்கு முதல் வழி.)

பெப்ரவரி 11

இன்று ஞாயிறு. விரலில் மாட்டும் கிளிப் பற்றி எழுதுகிறேன், ஒப்பரேஷன் நடக்கும்போது நாடி அலை திரையில் வருவது அதன் வழியாகத்தான்.

1970களில் ஜப்பானின் நிஹொன் கோடன் நிறுவனத்தில் தக்குவோ அஒயாகி என்ற பொறியியலாளர், காதில் ஒளி பாய்ச்சி இதயம் எவ்வளவு இரத்தம் அனுப்புகிறது என்று அளக்க முயன்றார். நாடி துடிக்கும்போதெல்லாம் கோடு நடுங்கிக் கணக்கைக் கெடுத்தது. இரண்டு நிற ஒளியை எடுத்து அந்த நடுக்கத்தை நீக்கப் பார்த்தபோதுதான், இரத்தத்தின் ஒட்சிசன் அளவு மாறினால் நடுக்கம் முழுதாக நீங்குவதில்லை என்று கண்டார். தொந்தரவாக இருந்ததே அளவியாகிவிட்டது. 1974 இல் அதை வெளியிட்டார். இன்றும் அந்தக் கிளிப்பில் 660 நனோமீற்றர் சிவப்பும் 940 நனோமீற்றர் அகச்சிவப்பும் மாறி மாறி எரிகின்றன. விரலைத் தாண்டி வரும் ஒளியில் நாடியால் ஆடும் பங்கு ஒன்றிரண்டு வீதம்தான். மீதியெல்லாம் தோல், எலும்பு, அசையாத இரத்தம்.

இப்போது கல் ஒப்பரேஷனுக்கு வாருங்கள். நோயாளி பெரும்பாலும் குப்புறப் படுத்திருப்பார் (மல்லாத்தியும் செய்கிறார்கள்). துளை வழியாக மணிக்கணக்கில் சேலைன் ஓடும். அது சூடாக்காத சேலைனாக இருந்து, அறையும் குளிராக இருந்தால் உடம்பு வெப்பம் இறங்கும். விரல் குழாய்கள் சுருங்கும். அந்த ஒன்றிரண்டு வீதம் இன்னும் சிறுக்கும். ஆனால் திரையில் அலை அழகாக, உயரமாகவே தெரியும்! ஏனென்றால் பெரும்பாலான மொனிட்டர்கள் அலையைத் தாமாகவே பெருக்கித் திரையை நிரப்பிக் காட்டும். உயரமான அலையைப் பார்த்து "நாடி நல்லாய் இருக்கு" என்று நினைக்கக் கூடாது என்பதை நான் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்வேன். பெருக்கலுக்கு முந்திய அளவை ஓர் எண்ணாகச் சில மொனிட்டர்கள் காட்டும். பார்க்க வேண்டியது அந்த எண்ணை.

ஆராய்ச்சி செய்பவர்களுக்கும் இதே தொல்லை. பெருக்கி, வழுவழுப்பாக்கி வந்த அலையை எடுத்து வடிவத்தை ஆராய்ந்தால், நோயாளியோடு சேர்த்து மொனிட்டர் செய்த கம்பனியின் கணக்கையும் ஆராய்ந்ததாகிவிடும்.

பெப்ரவரி 13

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். அக்காவிடம் கேட்டேன், எழுது என்றார்.

அத்தானுக்கும் இதே ஒப்பரேஷன்தான் நடந்தது, கொழும்பில் ஒரு வைத்தியசாலையில். சீனி வருத்தம் உண்டு. பிரஷருக்கு அட்டெனலோல் குளிசை போடுகிறவர். ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது, கல் முழுதும் வந்துவிட்டது என்றார்கள். பின்னேரம் பார்க்கப் போனபோது வெள்ளவத்தையில் வாங்கிய இடியப்பத்தைப் பற்றிக் கதைக்கும் அளவுக்குத் தெளிவாக இருந்தார். அந்தக் கல்லைப் போத்தலில் போட்டு சுவாமி அறையில் வைக்கப் போவதாகச் சொல்லி அக்காவிடம் ஏச்சு வாங்கினார்.

இரவு ஒன்பது மணியளவில் குளிருது என்றார். போர்வை கொடுத்தார்கள். மொனிட்டரில் துடிப்பு 84. யாருக்கும் பயம் வரவில்லை, ஏன் வர வேண்டும், 84 எல்லோருக்கும் நல்ல எண்தானே? அபாய மணி 120 ஐத் தாண்டினால் அடிக்கும்படி இருந்தது, தொழிற்சாலையில் வைத்த எல்லை, ஆளுக்கு ஏற்ப ஒருவரும் மாற்றவில்லை. இப்படி மாற்றாமல் விடுவதை நான் பல இடத்தில் பார்க்கிறேன், எனக்கு ஒவ்வொரு முறையும் ஆத்திரம் வரும்.

அக்கா சிஆர் கொப்பி ஒன்றில் அத்தானின் பிரஷரையும் துடிப்பையும் ஒவ்வொரு காலையும் எழுதுகிறவர். அவர்தான் மிஸ்ஸிடம் போய், "மிஸ், இவருக்கு எப்பவும் 58தான் இருக்கும். இப்ப 84. அதோட நடுங்குறார்" என்று கொப்பியைக் காட்டினார். அந்த மிஸ் கொப்பியை வாங்கிப் பார்த்தார். அதற்காக அவருக்கு வாழ்நாள் முழுதும் நன்றி. உடனே டொக்டரைக் கூப்பிட்டார். அளந்தபோது பிரஷர் 104 க்கு இறங்கியிருந்தது. இரத்தம் எடுத்துக் கிருமிச் சோதனைக்கு அனுப்பி, மருந்தை மாற்றி, சேலைன் ஏற்றினார்கள். நள்ளிரவுக்கு முன் காய்ச்சல் 39 ஐத் தாண்டியது. காய்ச்சல் வருவதற்கு முன்பே மருந்து உடம்பில் ஏறியிருந்தது. நல்லபடியாக வீட்டுக்கு வந்தார்.

நடந்தது இதுதான். கல்லுக்குள்ளே கிருமி இருக்கும். முன்கூட்டிச் செய்யும் சிறுநீர்ச் சோதனையில் அது எப்போதும் தெரியவராது. கல்லை உடைக்கும்போது அது வெளியே வரும், ஓடும் சேலைனின் அழுத்தம் அதை இரத்தத்துக்குள் தள்ளும். அப்படி நேர்ந்தால் அடுத்த சில மணித்தியாலங்களில் உடம்பு காட்டத் தொடங்கும். துடிப்பு 90 ஐத் தாண்டுவது அதன் வழக்கமான அடையாளங்களில் ஒன்று. ஆனால் அட்டெனலோல் போன்ற குளிசைகள் துடிப்பை ஓட விடாது. மற்றவருக்கு 120 போகும் இடத்தில் இவருக்கு 84. அதோடு அட்டெனலோல் சிறுநீரகம் வழியாகத்தான் உடம்பைவிட்டுப் போகும். கல்லால் சிறுநீரகம் மந்தமாக இருந்தால் மருந்து தங்கும், துடிப்பு இன்னும் அடங்கியே இருக்கும்.

நாடி அன்றைக்குச் சரியாகத்தான் சொன்னது. அவருடைய வழக்கமான எண் தெரிந்தவருக்கு மட்டும் அது புரிந்தது.

பெப்ரவரி 14

நேற்றைய குறிப்புக்கு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். தேசிய வைத்தியசாலையில் முன்பு வேலை செய்த ஒரு டொக்டர் அம்மா முக்கியமான ஒன்றைச் சேர்த்தார்: துடிப்பை மட்டும் பார்க்காதே, மூச்சை எண்ணு. நிமிடத்துக்கு 20 ஐத் தாண்டினால் கவனி, எந்த பிரஷர் குளிசையும் மூச்சை அப்படி மறைக்காது. இதை நான் முழுதாக ஏற்கிறேன். மூச்சை எண்ண மொனிட்டரே தேவையில்லை, நெஞ்சு எழுவதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தால் போதும்.

அவர் எழுதியதைப் படித்தபின் இன்னொரு யோசனை வந்தது. துடிப்பை மேல் பிரஷரால் வகுத்துப் பார்க்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1967 இல் அல்கோவர், பூரி என்ற இருவர் எழுதியது. நலமாக உள்ளவருக்கு 0.5 இலிருந்து 0.7 வரை இருக்கும். 1 ஐ நெருங்கினால் ஆபத்து. அத்தானின் அன்றைய கணக்கு 84 ஐ 104 ஆல் வகுக்க 0.81. பயமுறுத்தும் எண் இல்லை. ஆனால் கொப்பியில் அவருடைய வழக்கம் 58 உம் 138 உம், அதாவது 0.42. ஒரே நாளில் ஏறத்தாழ இரட்டிப்பு. குளிசை போடுபவருக்குப் பொது எல்லை பொருந்தாது, சொந்தக் கணக்கோடுதான் ஒப்பிட வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

பெப்ரவரி 16

பேச்சு பொல்பலாவுக்குப் போய்விட்டது. போகட்டும், கொழும்பில் கல் என்று வாய் திறந்தால் முதலில் வருவது அதுதானே. நம்மவர் சிறுபீளை என்பார்கள். அவித்துக் குடித்தால் சலம் நன்றாகப் போகும், சிறு கல்லுக்குத் தண்ணீர் கூடக் குடித்த பலன் எப்படியும் கிடைக்கும். ஆனால் 23 மில்லிமீற்றரை அது கரைக்காது. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனம் என்றால் எந்தக் கஷாயத்தையும் கிளினிக்கில் சொல்லாமல் குடிக்க வேண்டாம்.

அதைவிடப் பயப்பட வேண்டியது காமரங்கா. வெறும் வயிற்றில் அதன் சாற்றைக் குவளை கணக்கில் குடித்துச் சிறுநீரகம் திடீரென்று நின்றுபோனவர்களைப் பற்றி இலங்கை டொக்டர்களே எழுதியிருக்கிறார்கள். அதில் சிறுநீரகத்தில் படியும் ஒட்சலேற்று என்ற உப்பு அதிகம். பிலிம்பிச் சாறும் அப்படித்தான்.

தண்ணீருக்கு நல்ல சான்று இருக்கிறது. இத்தாலியில் பொர்கி குழுவினர் 1996 இல் வெளியிட்ட ஆய்வில், முதல்முறை கல் வந்தவர்களில் நாளுக்கு 2 லீற்றர் சலம் போகும்படி குடித்தவர்களுக்கு ஐந்து ஆண்டில் 12 வீதம் பேருக்குத்தான் மீண்டும் வந்தது. மற்றவர்களுக்கு 27 வீதம். எவ்வளவு குடிக்கிறோம் என்பதைவிட எவ்வளவு போகிறது என்பதே கணக்கு. இந்த வெயிலில் பாதி வியர்வையாகப் போய்விடும்.

பெப்ரவரி 17

கைக்கடிகாரம் நம்பலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: அசையாமல் இருக்கும்போது துடிப்பின் எண்ணிக்கைக்கு நம்பலாம். குளிரில் நடுங்கும்போது நடுக்கத்தையே துடிப்பாக எண்ணிவிடும், அப்போது விரல் வைத்து எண்ணுங்கள். ஒட்சிசன் எண்ணில் இன்னும் நிதானம் வேண்டும். அமெரிக்காவில் 2020 இல் வந்த ஆய்வில், கிளிப் 92 இலிருந்து 96 வரை காட்டியபோது உண்மையில் 88 க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 வீதம், கறுப்பினத்தவரில் 11.7 வீதம். நம் தோல் நிறத்துக்கும் இது பொருந்தாது என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

பெப்ரவரி 20

மொறட்டுவப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கும் ஒரு பிள்ளை, இறுதி ஆண்டுச் செயற்றிட்டமாக "நாடியிலிருந்து கல்லைக் கண்டறிதல்" செய்யலாமா என்று கேட்டிருக்கிறார்.

மகள், அந்தத் தலைப்பை விடுங்கள். கல்லைக் கண்டறிய ஸ்கான் இருக்கிறது. ஸ்கானால் முடியாத ஒன்று இருக்கிறது: இன்று ஒப்பரேஷன் முடிந்தவர்களில் யாருக்கு இன்றிரவு நடுக்கம் வரும்? அதை ஒரு மணித்தியாலம் முந்திச் சொன்னால் உயிர் தப்பும். நாடி அலைக்கு அங்கேதான் வேலை இருக்கிறது. இரத்தத்தில் கிருமி பரவத் தொடங்கினால் குழாய்கள் விரியும், துடிப்புக்குத் துடிப்பு உள்ள இடைவெளியின் ஏற்ற இறக்கம் குறையும், மூச்சோடு அலை ஆடும் விதம் மாறும். பல மாற்றம் சேர்ந்து வரும். ஒற்றை எண்ணைப் பார்க்கும் கண்ணுக்கு அது தப்பிவிடும், தொடர்ந்து பார்க்கும் கணினிக்குத் தப்பாமல் இருக்கலாம்.

கையில் நோயாளிகள் இல்லாமலே தொடங்கலாம். தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழக வைத்தியசாலை "வைட்டல்டிபி" என்ற பெயரில் 6,388 சத்திரசிகிச்சைகளின் பதிவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. சிறுநீரகவியல் ஒப்பரேஷன்களும் அதில் உண்டு, விரல் அலை நொடிக்கு 500 புள்ளி வரை. அதில் பழகிவிட்டு, ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி எடுத்து, இங்கே ஒரு வாட்டில் சிறிதாகத் தொடங்குங்கள். இரண்டு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒப்பரேஷனுக்கு முந்திய நாள் அலையைப் பதியுங்கள். போடும் குளிசைகளை எழுதுங்கள், அட்டெனலோலை முதல் வரியில். அந்த இரண்டும் இல்லாத தரவு அத்தான் போன்ற ஒருவரைத் தவறவிடும்.

பெப்ரவரி 21

அந்தப் பிள்ளை திரும்பக் கேட்டார்: மூச்சோடு அலை ஆடுவதை வைத்து உடம்பில் நீர் போதுமா என்று கணிக்கலாம் என்கிறார்களே, வாட்டில் அதையும் பயன்படுத்தலாமா? தியேட்டரில் செயற்கைச் சுவாசம் ஒரே அளவில் ஓடும்போது, இதயத் துடிப்பும் ஒழுங்காக இருந்தால், அந்த ஆட்டம் ஏறத்தாழ 13 வீதத்தைத் தாண்டியதும் சேலைன் ஏற்றினால் பலன் உண்டு என்பார்கள். வாட்டில் ஒருவர் தன்பாட்டில் மூச்சுவிட்டு, கதைத்து, இருமிக்கொண்டு இருப்பார். அங்கே அந்த எல்லையைத் தூக்கி வைக்க வேண்டாம்.

மார்ச் 2

தெஹிவளைத் தம்பி எழுதியிருக்கிறார். ஒப்பரேஷன் வியாழக்கிழமை முடிந்தது, அப்பா நலம். சித்தப்பாவும் கூட வந்து நின்றாராம். அம்மா கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அப்பாவின் வழக்கமான துடிப்பையும் பிரஷரையும் சிவப்பு மையில் எழுதி, வாட்டில் ஒப்படைக்கும்போதே மிஸ்ஸிடம் காட்டினாராம். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில்: சலம் சில நாள் இளஞ்சிவப்பாகப் போவது வழக்கம்தான். ஆனால் கடும் சிவப்பாகவோ கட்டி கட்டியாகவோ போனால், தலை சுற்றினால், சும்மா படுத்திருக்கும்போதே துடிப்பு வழக்கத்தைவிட நன்றாகக் கூடினால், காத்திருக்காமல் 1990 க்கு அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். துளை போட்ட இடத்தில் காயப்பட்ட சிறு நாடி ஒன்று வீங்கி, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இரண்டு வாரம் கழித்தும் உடையலாம். அரிதுதான். ஆனால் வீட்டில் இருக்கும்போது நடப்பதால் வீட்டில் உள்ளவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. உள்ளே ஸ்டென்ட் (சலம் தடையில்லாமல் வடிய வைக்கும் மெல்லிய குழாய்) வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை எடுக்கும் திகதியை இன்றே டொக்டரிடம் கேட்டு, அம்மாவின் சிவப்பு மையில் அதே பக்கத்தில் எழுதுங்கள். வலி நின்றதும் மறந்துபோய், மாதக்கணக்கில் உள்ளே கிடந்து, அந்த ஸ்டென்டின் மேலேயே கல் பிடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள்.